பார்த்ததற்கும் கூலி

கூலி என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண் முன் தோன்றுவது வியர்வை. மண் வெட்டுகிறவர், மூட்டை சுமக்கிறவர், மரம் அறுக்கிறவர் ஆகியோரின் உழைப்பு நம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆகவே அவர்களுக்குக் கூலி கொடுக்க நாம் தயங்குவதில்லை. நாலு ரூபாய் குறைத்துப் பேசினாலும் கொடுத்துவிடுகிறோம். ஆனால் ஒருவர் நின்று பார்த்தார், காது கொடுத்துக் கேட்டார், சிந்தித்தார், “பழுது இங்கே இருக்கிறது” என்று விரலால் சுட்டினார், அதற்குக் கூலியும் கேட்டார் என்றால், சட்டைப் பைக்குள் போன கை வெளியே வர மறுக்கிறது. இந்த மறுப்பு மோட்டார் பட்டறைகளில் என்ன விளைவை உண்டாக்குகிறது, அதன் சுமை இறுதியில் யார் தலையில் விழுகிறது என்பதைச் சற்று விரிவாக எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

மோட்டார் பட்டறைக்கும் மத்ரஸா ஆசிரியனுக்கும் என்ன உறவு என்று வாசகர்கள் வினவக்கூடும். வீட்டுக்கு ஒரு வண்டியாவது நிற்கும் காலம் இது; பட்டறை வாசலை மிதிக்காத குடும்பம் அரிது. அன்றியும், நாங்கள் ஓதிக் கொடுக்கும் ஃபிக்ஹு கிதாபுகளில் ‘இஜாரா’ என்றொரு பாடம் உண்டு. கூலிக்கும் வாடகைக்கும் உரிய சட்டங்களைக் கூறும் பாடம் அது. சாயம் தோய்ப்பவர், துணி வெளுப்பவர், தையல்காரர், ரொட்டி சுடுபவர், சுமை தூக்குபவர், படகோட்டி என்று அக்காலத்துத் தொழிலாளர் அனைவரும் அதில் வரிசையாக வந்து நிற்பார்கள். மோட்டார் மெக்கானிக் அதில் இல்லை. ஆனால் அவருக்கும் வாடிக்கையாளருக்கும் இடையே இன்று எழும் வழக்குகளுக்குப் பெரும்பாலும் அந்தப் பாடத்திலேயே இடம் இருக்கிறது.

முதலில், எங்கள் குடும்பத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்லிவிடுகிறேன். என் தங்கை மகனிடம் ஒரு பழைய கார் இருக்கிறது. வாரத்தில் இரண்டு மூன்று நாள்தான் அதை எடுப்பான். திடீரென்று ஒரு நாள் காலையில் வண்டி கிளம்பவில்லை. பேட்டரியில் சக்தி இல்லை. அருகிலிருந்த பட்டறைக்குச் சொல்லியனுப்பினான். வந்தவர் பார்த்தார், பார்த்ததற்கு ஒன்றும் வாங்கவில்லை. பேட்டரி பழையதாகிவிட்டது என்று சொல்லிப் புதிதாக ஒன்றைப் போட்டார். 4,800 ரூபாய் ஆயிற்று. அந்த வாரம் ஒரு திருமண வேலையாக வண்டி தினமும் ஓடியது. குறை ஒன்றும் தெரியவில்லை. பின்னர் மூன்று நாள் சும்மா நின்றது; நாலாம் நாள் கிளம்ப மறுத்தது. இரண்டாவது பட்டறையிலும் செக்கிங் இலவசம். பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் டைனமோ பழுது என்றார்கள். அதை மாற்றினார்கள், 6,500 ரூபாய். அடுத்த வாரம் மீண்டும் அதே கதை.

மூன்றாவதாக ஒரு வயதான எலக்ட்ரீஷியனிடம் போனான். அவர் வண்டியைத் தொடுவதற்கு முன்பே கணக்கைச் சொல்லிவிட்டார்: “தம்பி, தேடுறதுக்குத் தனிக் கூலி, 600 ரூபாய். ரெண்டு மணி நேரம் தேடுவேன். அதுக்குள்ள அகப்படலைன்னா, மேற்கொண்டு தேடறதுக்கு முன்னாடி உங்களைக் கேட்பேன். அகப்பட்டா, ரிப்பேர் வேலைக்கு வேற கூலி. சம்மதம்னா வண்டியை விட்டுட்டுப் போங்க.” அவன் சம்மதித்தான், ஆனால் போகாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

பெரியவர் பேட்டரியின் வயரில் மீட்டரை இணைத்தார். ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்து வைத்து, அதன் பூட்டு நாக்கை ஸ்குரூடிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளிவிட்டார். கதவு மூடியிருப்பதாக வண்டி நம்ப வேண்டுமாம். பிறகு வண்டியைப் பூட்டிவிட்டு, தேநீர் வாங்கிக் குடித்துவிட்டு, முக்கால் மணி நேரம் வேறு ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தார். என் மருமகனுக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது.

அந்தக் காத்திருப்பிலும் காரணம் இருந்தது. இக்காலத்துக் கார்களில் சிறு சிறு கணிப்பொறிகள் பல இருக்கின்றன. சாவியை எடுத்துப் பூட்டிய பின்னும் அவை உடனே உறங்குவதில்லை. சில வண்டிகளில் அரை மணி நேரத்துக்கு மேலும் விழித்திருக்கும். அவை அடங்கிய பிறகு அளந்தால்தான் திருட்டுத்தனமாக ஓடும் மின்சாரம் எவ்வளவு என்று தெரியும். நல்ல நிலையில் உள்ள கார் உறங்கும்போது 50 மில்லி ஆம்பியர் அளவுக்குள்தான் குடிக்க வேண்டும். இந்த வண்டியில் மீட்டர் ஏறக்குறைய அரை ஆம்பியர் காட்டியது. பெரியவர் ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தார். உள்விளக்குகளுக்கான ஃப்யூஸைப் பிடுங்கியதும் மீட்டர் இறங்கியது. ஆனால் உள்ளே எந்த விளக்கும் எரியவில்லை. அவர் தம் கைப்பேசியில் வீடியோ படம் எடுக்கும்படி வைத்து, அதை டிக்கிக்குள் போட்டு மூடினார். ஒரு நிமிடம் கழித்து எடுத்துப் பார்த்தால், மூடிய டிக்கிக்குள் விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது! மூடியவுடன் விளக்கை அணைக்க வேண்டிய சுவிட்ச் உள்ளே சிக்கிக் கிடந்திருக்கிறது.

5 வாட் விளக்கு. 12 வோல்ட் பேட்டரி. ஆகவே ஓடுவது 0.4 ஆம்பியருக்குச் சற்று மேல். ஒரு நாளைக்குப் பத்து ஆம்பியர்-மணி. 35 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள பேட்டரி மூன்று நாளில் பெரும்பாலும் வற்றிவிடும். எஞ்சினைச் சுழற்றும் வலிமையை அதற்கு முன்பே இழந்துவிடும். தினமும் ஓடினால் குறை மறைந்திருக்கும், நின்றால் வெளிப்படும். எல்லாம் பொருந்திவிட்டது. சுவிட்ச் 150 ரூபாய், மாட்டிய கூலி 100, தேடிய கூலி 600; ஆக 850 ரூபாய்.

அன்றிரவு வீட்டில் இதைப் பற்றிப் பேச்சு எழுந்தது. என் மச்சான், அதாவது அந்தப் பையனின் தகப்பனார், கணக்கில் கெட்டிக்காரர். அவர் சொன்னார்: “முந்தின ரெண்டு பேரும் பார்த்ததுக்கு ஒரு காசு வாங்கலை. பொருளைப் போட்டாங்க, பொருளுக்குக் காசு வாங்கினாங்க. இந்த மனுசர் நூற்றைம்பது ரூபாய் சுவிட்சைப் போட்டுட்டு, சும்மா உட்கார்ந்திருந்ததுக்கு அறுநூறு ரூபாய் வாங்கியிருக்காரே, இது எந்த நியாயம்?” வீட்டில் பலருக்கும் அது சரியென்றே பட்டது. 11,300 ரூபாய் வீணானதில் எழாத முறையீடு 600 ரூபாயில் எழுந்தது என்பதுதான் என்னைச் சிந்திக்க வைத்தது.

அன்பர்களே, பட்டறை நடத்துபவரின் பக்கத்திலிருந்து இதைக் காணுங்கள். இடத்துக்கு வாடகை உண்டு. கருவிகளுக்கு முதலீடு உண்டு. பையன்களுக்குச் சம்பளம் உண்டு. ஒரு நாளில் அவர் விற்கக்கூடியது எட்டோ பத்தோ மணி நேரம். அதில் மூன்று மணி நேரம் பழுதைத் தேடுவதில் கழிந்து, அந்த மூன்று மணிக்கும் கூலி இல்லை என்றால், அந்த இழப்பை அவர் எங்கிருந்து ஈடுகட்டுவார்? இரண்டே வழிகள். உதிரிப் பாகங்களின் விலையில் கிடைக்கும் இலாபம் ஒன்று; ரிப்பேர் கூலியை உயர்த்திச் சொல்வது மற்றொன்று. அதாவது, இலவசம் என்று நாம் மகிழ்ந்த பார்வைக்கும் நாம்தான் பணம் கொடுக்கிறோம். வேறு பெயரில், வேறு வரியில், நமக்குத் தெரியாமல் கொடுக்கிறோம்.

இதைவிடக் கேடான விளைவு ஒன்றும் உண்டு. பாகத்தை மாற்றினால்தான் வருமானம் என்ற ஏற்பாட்டில், பொறுமையாகத் தேடுகிறவர் நட்டமடைகிறார். அவசரமாக ஊகித்து ஒன்றை மாற்றுகிறவர் பிழைக்கிறார். பழுது ஒன்றுமில்லை, ஒரு திருகாணி தளர்ந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பவருக்குக் கிடைப்பது ஒரு புன்னகை. புதுப் பாகம் போட்டவருக்கோ ஆயிரக்கணக்கில் ரூபாய். அந்த முதலிரண்டு பட்டறையாரையும் நான் மோசக்காரர்கள் என்று சொல்லத் துணியமாட்டேன். அவர்கள் உண்மையாகவே அப்படி நம்பியிருக்கலாம். ஆனால் மேலும் ஒரு மணி நேரம் சந்தேகப்படுவதற்கு அவர்களுக்கு யாரும் கூலி கொடுக்கவில்லை.

“இப்போதுதான் ஸ்கேனர் வந்துவிட்டதே, செருகினால் அதுவே சொல்லிவிடுகிறதே, பார்ப்பதற்கு ஏன் கூலி?” என்று கேட்பவரும் உளர். அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மாடல் முதல் எல்லாக் கார்களிலும் ஒரே மாதிரியான பரிசோதனைச் செருகுவாயும், ஒரே மாதிரியான பழுதுக் குறியீடுகளும் கட்டாயமாக்கப்பட்டன. நம் நாட்டிலும் அம்முறை வந்து பரவிவிட்டது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபின் இருசக்கர வண்டிகளிலும் கணிப்பொறி புகுந்துவிட்டது. ஆனால் அந்தக் குறியீடு சொல்வது நோயின் அறிகுறியை. நோயின் மூலத்தை அன்று.

எடுத்துக்காட்டாக, ‘பி 0171’ என்று ஒரு குறியீடு உண்டு. எஞ்சினுக்குப் போகும் கலவையில் காற்று மிகுதி, பெட்ரோல் குறைவு என்பது அதன் பொருள். ஏன் குறைவு? ஒரு ரப்பர்க் குழாயில் மயிரிழை போல் வெடிப்பு விட்டிருக்கலாம், காற்றை அளக்கும் சென்சாரில் அழுக்குப் படிந்திருக்கலாம், பெட்ரோல் பம்பு வலுவிழந்திருக்கலாம், வடிகட்டி அடைத்திருக்கலாம். சில நூறு ரூபாய்க் குழாய் முதல் பல ஆயிரம் ரூபாய்ப் பம்பு வரை எல்லாவற்றுக்கும் ஒரே குறியீடுதான். காய்ச்சல் 102 என்று தெர்மாமீட்டர் சொல்லும். மலேரியாவா, டைபாய்டா என்று சொல்லாது. அதைச் சொல்பவர் மருத்துவர். அவர் மருந்துச் சீட்டு எழுதித் தந்தால் மறுபேச்சின்றிக் கட்டணம் வைக்கிறோம். ‘மருந்து நீங்கள் தரவில்லையே, எதற்குப் பணம்?’ என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

இனி, பட்டறைகள் கூலியைக் கணக்கிடும் முறைகளுக்கு வருவோம். விரித்துப் பார்த்தால் அவை மூன்றாக அடங்கும்.

முதலாவது, எத்தனை மணி நேரம் வேலை செய்தாரோ அத்தனை மணிக்குக் கூலி. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும். ஆனால் பழக்கமில்லாதவர் நான்கு மணி நேரம் தடுமாறினால் நான்கு மணிக் கூலி. பழுத்த அனுபவசாலி ஒன்றரை மணியில் முடித்தால் ஒன்றரை மணிக் கூலி. திறமைக்குத் தண்டனை, மந்தத்துக்குப் பரிசு என்றாகிவிடுகிறது.

இரண்டாவது, வேலைக்கு இவ்வளவு என்று முன்பே அறுதியிட்ட கூலி. நம் ஊரில் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் நிலையங்கள் இப்படித்தான் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தொகை வைத்திருக்கின்றன. அமெரிக்காவில் இதற்கென்றே பெரும் புத்தகங்கள் உண்டு. இன்ன மாடல் காரில் இன்ன பாகத்தை மாற்ற 1.5 மணி, 2.3 மணி என்று மணியைப் பத்தாகப் பகுத்துக் குறித்திருப்பார்கள். அதைத் தங்கள் பட்டறையின் மணிக் கட்டணத்தால் பெருக்கினால் கூலி வந்துவிடும். தொழிலாளி அதை ஒரு மணியில் முடித்தாலும், மூன்று மணி திணறினாலும் வாடிக்கையாளர் செலுத்துவது புத்தகத்து மணிக்குத்தான்.

இங்கேதான் வழக்கு எழுகிறது. “பில்லில் இரண்டு மணி என்று போட்டிருக்கிறீர்கள், நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், எழுபது நிமிடத்தில் முடித்துவிட்டீர்களே!” என்பார் வாடிக்கையாளர். இந்தச் சச்சரவைப் படித்தபோது எனக்கு ‘ஹிதாயா’வில் வரும் ரொட்டிக்காரர் நினைவுக்கு வந்தார். இமாம் மர்கீனானி (ரஹ்) அவர்கள் 1197இல் மறைந்தவர்கள். அவர்களுடைய அந்நூலில் ஒரு சட்டப் பிரச்சினை வருகிறது. இன்ன அளவு மாவை இன்றைக்குள் ரொட்டியாக்கித் தர ஒரு திர்ஹம் என்று ஒருவரை அமர்த்தினால் அந்த ஒப்பந்தம் செல்லுமா? செல்லாது என்பது இமாம் அபூ ஹனீபா (ரஹ்) அவர்களின் தீர்ப்பு. காரணம், விற்கப்பட்டது எது என்பது தெளிவாக இல்லை. நேரத்தைக் குறிப்பிட்டதால் அன்றைய பொழுது விற்கப்பட்டதாகிறது; மாவைக் குறிப்பிட்டதால் வேலை விற்கப்பட்டதாகிறது. வேலைதான் பேச்சு என்றால் அமர்த்தியவருக்கு நன்மை. நேரம்தான் பேச்சு என்றால் தொழிலாளிக்கு நன்மை. ஒவ்வொருவரும் தமக்கு ஆதாயமான பக்கத்தைப் பிடித்து இழுப்பார்கள், தகராறு மூளும்.

அவர்களுடைய மாணவர்களான இமாம் அபூ யூசுஃப் (ரஹ்), இமாம் முஹம்மது (ரஹ்) இருவரும் செல்லும் என்றார்கள். ஒப்பந்தம் வேலையின் மீதுதான்; நேரம் சொன்னது விரைவுபடுத்துவதற்காக மட்டுமே என்பது அவர்கள் கொண்ட கருத்து. ஷாபிஈ மத்ஹபிலும் இக்கேள்வி உண்டு. 1277இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ‘மின்ஹாஜி’ல், ஒரு பகலுக்குள் இந்த ஆடையைத் தைக்க வேண்டும் என்று நேரத்தையும் வேலையையும் ஒருங்கே கட்டினால் செல்லாது என்பதையே வலுவான கருத்தாகக் குறிக்கிறார்கள். கடற்கரை ஊர்களில் ஷாபிஈ, உள்நாட்டு ஊர்களில் பெரும்பாலும் ஹனபி என்று பிரிந்து வாழும் நாம், இரண்டு கிதாபுகளிலும் இந்த ஒரே கவலையைக் காண்கிறோம்: எதற்குக் கூலி என்பது இருவருக்கும் ஒன்றுபோல் தெரிந்திருக்க வேண்டும்.

பட்டறைப் புத்தகத்தின் ‘மணி’ கடிகாரத்து மணி அன்று. வேலையை அளக்கும் ஓர் அலகு. துணியை முழத்தால் அளப்பது போல, ரிப்பேரை அந்த மணியால் அளக்கிறார்கள். இதை முன்பே வாயால் சொல்லிவிட்டால் எழுபது நிமிட வழக்கு எழாது. சொல்லாமல் பில்லில் மட்டும் ‘2 மணி’ என்று போட்டால், கொடுத்தவர் ஏமாற்றப்பட்டதாகவே எண்ணுவார். அவர் மீது குற்றமில்லை.

இந்த முறையிலும் ஓர் ஓட்டை உண்டு. பழுதைத் தேடுவதற்குப் புத்தகத்தில் மணி குறிப்பது கடினம். ஒரு பாகத்தைக் கழற்றி மாட்ட எவ்வளவு நேரம் என்று அளக்கலாம். எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியாத ஒன்றைத் தேட எவ்வளவு நேரம் என்று யார் அளப்பது? அமெரிக்காவில் புத்தக மணிக்கே சம்பளம் பெறும் மெக்கானிக்குகள் நெடுங்காலமாக முறையிட்டு வருவது இதைத்தான்: மாற்றுவதற்குச் சம்பளம் வருகிறது, தேடுவதற்கு வருவதில்லை.

மூன்றாவது முறை, கண்டுபிடித்தால் கூலி, இல்லையேல் இல்லை என்பது. இதற்கும் ஃபிக்ஹில் பெயர் உண்டு, ‘ஜுஆலா’ என்பார்கள். காணாமற்போன அரசரின் குவளையைக் கொண்டுவந்து தருபவருக்கு ஓர் ஒட்டகச் சுமை தானியம் என்று யூசுஃப் நபி (அலை) அவர்களின் வரலாற்றில் அறிவிக்கப்பட்டதை ஷாபிஈ அறிஞர்கள் இதற்குச் சான்றாகக் காட்டுவர். இதில் வேலையின் அளவு தெரியாமல் இருக்கலாம். ஆனால் பரிசு தெரிந்திருக்க வேண்டும். காரியம் முடிந்தால்தான் அது உரித்தாகும். பட்டறைக்காரர் துணிந்து இதை ஏற்கலாம். ஆனால் அகப்படாத நாளின் நட்டமும் அகப்பட்ட நாளின் கூலியில்தான் சேரும். ஆகவே தொகை சற்று உயர்ந்திருக்கும் என்பதை நாம் உணர வேண்டும். ஹனபி அறிஞர்கள் இதைப் பொதுவாக ஏற்பதில்லை. அவர்களைப் பின்பற்றுவோர்க்கு, இத்தனை மணி நேரம் தேட இவ்வளவு கூலி என்று நேரத்தை விலை பேசுவதே நேர்வழி.

அந்த முதிய எலக்ட்ரீஷியன் செய்ததை இப்போது எண்ணிப் பாருங்கள். தேடுவதற்கு நேரத்தைப் பேசினார், ரிப்பேருக்கு வேலையைப் பேசினார், இரண்டையும் கலக்கவில்லை. வரம்பு கட்டினார், வரம்பைத் தாண்டுமுன் கேட்பேன் என்றார். அவர் எந்த கிதாபும் ஓதியவரல்லர். ஆயினும் ஒப்பந்தத்தின் நிபந்தனைகள் அனைத்தும் அவருடைய நான்கு வாக்கியங்களில் அடங்கியிருந்தன.

மச்சானின் கேள்விக்கு இன்னும் ஒரு பக்கம் உண்டு. பாகத்தைப் போட்டால் வண்டியில் ஏதோ ஒன்று கூடியிருக்கிறது. பார்த்ததில் என்ன கூடிற்று என்பதுதான் அவர் மனத்தில் உறுத்தியது. இந்த வேறுபாட்டையும் ஹிதாயா கவனித்திருக்கிறது. சாயக்காரரைப் போல, தம் வேலையின் அடையாளத்தைப் பொருளில் விட்டுச் செல்பவர், கூலி வரும்வரை அப்பொருளைத் தம்மிடம் நிறுத்தி வைக்கலாம். சுமைகூலியைப் போல, படகோட்டியைப் போல, பொருளில் அடையாளம் விடாதவர் அப்படி நிறுத்தி வைக்க முடியாது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பொருளைப் பிடித்து வைக்கும் உரிமைதான் சுமைகூலிக்கு இல்லை, கூலி பெறும் உரிமை இல்லையென்று யாரும் சொல்லவில்லை. அடையாளம் விடாத உழைப்பும் உழைப்பே.

வியப்பு என்னவென்றால், இங்கிலாந்தின் நீதிமன்றமும் இதே கோட்டில் நடந்திருக்கிறது. 1915இல் ஒரு கார் பராமரிப்புக் கம்பெனியின் வழக்கில், வண்டியை மேம்படுத்தாமல் பராமரித்து மட்டும் வந்தவருக்கு அதை நிறுத்தி வைக்கும் உரிமை இல்லை என்று தீர்ப்பாயிற்று. நம் நாட்டில் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆம் பிரிவு, உழைப்போ திறமையோ செலுத்தப்பட்ட பொருளைக் கூலி வரும்வரை வைத்துக்கொள்ள இடம் தருகிறது. வைரத்தைப் பட்டை தீட்டுபவர் அதற்கு அச்சட்டமே காட்டும் உதாரணம்.

கொடுப்பவரின் கடமையைச் சொன்னேன். வாங்குபவரின் கடமையையும் சொல்லாவிட்டால் நடுநிலை ஆகாது. தேடுவதற்குக் கூலி வாங்கியவர், அந்தத் தேடலில் கழற்றிய பாகத்தை மீண்டும் கழற்றியதாக ரிப்பேர் கணக்கில் சேர்ப்பது முறையன்று. கிளட்ச் பிளேட் மாற்ற கியர் பாக்ஸை இறக்குகிறார்கள். இறக்கிய நிலையில், பின்புறத்து ஆயில் சீல் கசிவதைக் கண்டு அதையும் மாற்றுகிறார்கள். சீலைத் தனியாக மாற்றுவதானாலும் கியர் பாக்ஸை இறக்கியாக வேண்டும் என்பதால், தனிவேலைக் கூலி பெரியது. ஒரு முறை இறக்கிவிட்டு இரண்டு முறை இறக்கிய கூலி வாங்கினால், ஒரே உழைப்பை இருமுறை விற்றதாகும். வாடிக்கையாளர்க்கு இது புரிவதில்லை. புரியாதவரிடம் நேர்மை காட்டுவதே தொழிலாளியின் அமானிதம்.

கலிபோர்னியா மாநிலத்தில் 1971இல் மோட்டார் ரிப்பேருக்கென்றே ஒரு சட்டம் இயற்றினார்கள். வேலை தொடங்குமுன் மதிப்பீட்டை எழுத்தில் தர வேண்டும். அதை மீறுமுன் உரிமையாளரின் சம்மதம் பெற வேண்டும். பழுதைக் காணப் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தால், ரிப்பேர் வேண்டாம் என்று உரிமையாளர் சொல்லிவிட்டால் திரும்பப் பூட்டிக் கொடுக்க என்ன ஆகும் என்பதையும் முன்பே சொல்ல வேண்டும். மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டால் பொதுவாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நம் நாட்டின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், செய்த சேவைக்குப் பில் தராமலிருப்பதை முறையற்ற வாணிபமாகவே கருதுகிறது. சாலையோரப் பட்டறையில் இவ்வளவும் நடக்குமா என்று சிரிக்க வேண்டாம். ஒரு துண்டுக் காகிதம் போதும்: தேட இவ்வளவு, இத்தனை மணி வரை, வேலைக்கு இவ்வளவு, பாகத்துக்கு இவ்வளவு. மூன்று வரிகள்தாம்.

மச்சானிடம் அன்றிரவு நான் இவ்வளவும் சொல்லவில்லை. ஒரே ஒரு செய்தியை மட்டும் சொன்னேன். குர்ஆன் ஓதிக் கொடுப்பதற்குக் கூலி வாங்கலாகாது என்று ஹனபி மத்ஹபின் முற்கால அறிஞர்கள் தீர்ப்பளித்திருந்தார்கள். பிற்கால அறிஞர்கள் காலத்தின் நிலையைக் கண்டார்கள். ஓதிக் கொடுப்பவர் பிழைப்புக்காக வேறு தொழிலுக்குப் போய்விட்டால் ஓதிக் கொடுக்க ஆளிருக்காது, கல்வியே அழிந்துபோகும் என்று அஞ்சி, வாங்கலாம் என்று ஃபத்வா கொடுத்தார்கள். அந்த ஃபத்வாவின் நிழலில்தான் என் குடும்பம் முப்பது ஆண்டுகளாகச் சோறு உண்கிறது. ஒரு மணி நேரம் பாடம் நடத்திவிட்டு நான் எழுந்து வரும்போது, நான் உட்கார்ந்திருந்த பாயில் என் வேலையின் அடையாளம் எதுவும் இருப்பதில்லை.

மச்சான் சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு மகனை அழைத்து, “அந்தப் பெரியவர் கடை எங்கே இருக்கு? என் ஸ்கூட்டரிலும் ஒரு சத்தம் வருது. தேடுறதுக்கு எவ்வளவு வாங்குவார்னு முன்னாடியே கேட்டுக்கோ” என்றார்.